குடமிளகாய்க்கு வைத்த அடுப்பு

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், என் முன் இருக்கைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மச்சினனிடம் சொன்னார்: “செடிக்கு மூச்சு குடுக்கத்தான் அடுப்பு வச்சேன், மாப்ள.”

“பசுமைக்குடிலுக்குள்ளயா மச்சான்?”

“ஆமா. கேஸ் எரிஞ்சா கரியமில வாயு வரும், குடமிளகா நல்லாக் காய்க்கும்னு சொன்னாக. இன்னுங் காய்க்கட்டும்னு தீயைக் கூட்டி வச்சேன். காத்துப் போக வழியில்லாம புகைஞ்சு, பூவெல்லாம் கொட்டிருச்சு.”

“அக்கா என்ன சொல்லுது?”

“நாத்து நட்டது அவதான். தன் கைராசி சரியில்லைன்னு அழுகுறா. குடிலுக்குள்ள கால் வைக்கவே பயப்படுறா.”

“நீங்க தீயைக் கூட்டுனதச் சொல்லலையா?”

சின்னமனூர் வந்தது. இறங்க எழுந்துகொண்டே அவர் சொன்னார்:

“எப்படிச் சொல்ல? ஒன் கைராசிதான் ஆகலைன்னு மொதல்ல அவளைச் சொன்னதே நாந்தானே.”