கழகத்துப் பகல் சாப்பாடு

முப்பது பேருக்கு இறைச்சிக்கறி ஆக்குவது பெரிய வேலை இல்லை. வெங்காயம் உரிக்க ஒரு ஆள் இருந்தால் போதும், மற்றதை நெருப்பு பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயம்தான் வேண்டும். கடையில் விற்கும் பெரிய வெங்காயம் கறியை இனிக்கப் பண்ணிவிடும். அன்றைக்கு நான் மிளகைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அந்த இறைச்சியிலேயே ஒரு இனிப்பு இருந்தது.

ஃபோனை இன்னும் கிட்ட வையுங்கள். மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் பதியாமல் போனால் எல்லாவற்றையும் மறுபடி சொல்லவேண்டி வரும். பொலிசுக்குப் போகுமுன் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டது நல்லது. நிர்வாக சபையில் இருக்கும் உங்கள் எல்லோர் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் ஆக்கியிருக்கிறேன். ஜௌபர் நானா ஏன் வாசலோடு நிற்கிறார்? உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். இது அவருடைய மகளைப் பற்றிய கதையும்தான்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தால் மற்றது விளங்கும். நான் அருவருப்புக்காரன். மீன்பிடிக் கழகத்துக்குத் தலைவனாக இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். கடலுக்குப் போய் வந்தால் தேசிக்காயும் சாம்பலும் போட்டு நகத்தைத் தேய்க்காமல் ஒரு துண்டுப் பாணைத் தொடமாட்டேன். கழகம் கரை துப்புரவு செய்யும் நாட்களில் பிள்ளைகளின் பேம்பர்ஸையும் அழுகிய மீன்குடலையும் நான்தான் கையால் எடுத்தேன். மற்றவர்கள் பதாகையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அதே பதாகையில் கை துடைத்தார்கள். நான் அதைத் துவைத்து மடித்து வைத்தேன். நோன்பு மாதத்தில் அரிசி கொடுத்தோம், இரத்ததானம் வைத்தோம், பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினோம். எங்களைப்போல நல்ல கழகம் கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கவில்லை.

சனிக்கிழமைப் படகு ஷஃபீனா டீச்சரின் யோசனை. பிள்ளைகளைக் கடல்நீர்க் களப்புக்குக் கூட்டிப்போய்க் கடற்புல்லையும் கடற்பசுவையும் பற்றிப் படிப்பிக்க வேண்டும் என்றார். ஒரு நிறுவனம் லைஃப் ஜாக்கெட்டும் தொலைநோக்கியும் தந்தது. நாங்கள் ஓமென்றோம். கடற்பசுவை எங்கள் ஆட்கள் கடல்பன்றி என்பார்கள். கடைசியாக அதைக் கண்டது யாருடைய வாப்பா என்பதில்கூட இரண்டு கதை உண்டு. இல்லாத ஒன்றைத் தேடுவதில் யாருக்கு நட்டம்? நாங்கள் பிள்ளைகளுக்குத் தேடத்தான் கற்றுக்கொடுத்தோம். கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

முதல் பாடம் நான்தான் எடுத்தேன். வலைக்குப் பாரமாகக் கட்டும் பழைய விலா எலும்பு ஒன்று என் வீட்டில் கிடந்தது. கடற்பசுவின் எலும்பு. அதை ஒவ்வொரு கையாகக் கொடுத்தேன். "தூக்கிப் பாருங்க. கல்லு மாதிரி. மாட்டெலும்பு மாதிரி உள்ளுக்கு ஓட்டை இல்ல, உறிஞ்ச ஒண்டும் இல்ல. இந்தப் பாரத்தாலதான் அது அடியில கிடந்து புல்லுத் தின்னுது" என்றேன். ஜௌபர் நானாவின் மகள் ருஷ்தாதான் அதை அதிக நேரம் வைத்திருந்தாள். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாரம் பார்த்தாள். பதினான்கு வயது. கேள்வி கேட்டு ஆளைக் களைக்கப் பண்ணும் பிள்ளை.

அவள்தான் முதலில் கண்டாள்.

"மாமா, எஞ்சின நிப்பாட்டுங்க!"

"என்ன புள்ள, செருப்பு விழுந்திட்டா?"

"இல்ல. கீழ பாருங்க. யாரோ புல்ல வழிச்சுக் கோடு போட்டிருக்காங்க."

ஃபாஹிம் என்ற பொடியன் எட்டிப் பார்த்தான். "ஒங்கட வாப்பா தாடி வழிச்ச மாதிரி இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் படகின் பக்கத்திலேயே ஒரு மூக்கு மேலே வந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"எங்கட மாமி கதிரையில இருக்கக்குள்ள விடுற மூச்சு!" என்றான் ஃபாஹிம்.

அதோடு அதற்கு மாமி என்று பெயராகிவிட்டது. பிள்ளைகள் கத்தினார்கள், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். ருஷ்தா கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. அவ்வளவு சுத்தமான சந்தோஷத்தை நான் ஒருவர் முகத்திலும் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நகத்துக்குள் ஏதோ அடைந்திருப்பது போலத்தான் இருந்தது.

டீச்சர் கொழும்புக்கு அறிவித்தார். அடுத்த சனிக்கிழமை அதிகாரிகள் வருவார்கள், அவர்களும் கண்டால் கடற்புல் இருக்கும் இடம் முழுவதும் வலை போடத் தடை வரும் என்று பதில் வந்தது.

கழகக் கூட்டத்தில் என்ன கதை நடந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். "சுஹைர், நீ புள்ளயளுக்குப் படிப்பிச்சது மீனப் பிடிக்கவா, எங்களப் பிடிக்கவா?" என்று கேட்டவர் இப்போது வாசலோடு நிற்கிறார். "ஒரு பண்டிக்காக ஊரே வலையச் சுருட்டுறதா?" என்று கழகத்து இப்ஹாம் கேட்டான். கேட்டுவிட்டுச் சீமெந்துத் தரையில் துப்பினான். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ஜௌபர் நானா போகும்போது என் தோளில் கைவைத்து, "எதையாவது செய் தம்பி" என்றார். எதைச் செய்யப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு பக்கம் ஒரு மிருகம். மறு பக்கம் இறாலும் நண்டும் பிடித்து உலை வைக்கும் வீடுகள். என்னுடைய இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

இப்ஹாமின் படகில் விடிந்த பிறகுதான் போனோம். ஒளித்துப் போகவில்லை. திருக்கை வலையைப் பிள்ளைகள் கண்ட அந்த மேய்ச்சல் கோட்டுக்குக் குறுக்கே போட்டோம். கடற்பசு நம்மைப்போல மூச்செடுக்கும் பிராணி, அதனால் ஆயுதம் தேவையில்லை. மேலே வரவிடாமல் இருந்தால் போதும். வலை இழுபட்டதும் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு இருந்தேன். ஃபிளாஸ்க்கில் பிளேன்டீ இருந்தது. குடித்தேன். இப்ஹாம், அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்கத் தானும் மூச்சைப் பிடித்தான். முடியாமல் விட்டான். மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான். அவன் பலதரம் தோற்ற பிறகும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது, பிள்ளை உம்மாவின் சாரியைப் பிடித்து இழுப்பது போல. பிறகு ஆடவில்லை.

ஆளில்லாத மணல்திட்டில் ஏற்றி வெட்டினோம். பிஸ்மி சொல்லித்தான் கத்தி வைத்தேன். அதற்கு மார்பு முன்துடுப்பின் மடிப்பில் இருக்கிறது, பெண்களுக்கு இருப்பது போல. அழுத்தம் பட்டதும் பால் வந்து என் சாரத்தில் பட்டது. சூடாக இருந்தது. சாரத்தை அங்கேயே எரித்துவிட்டு இப்ஹாமின் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். பால் இருந்தால் குட்டி ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அதை நாங்கள் தேடவில்லை. தேடுவது பிள்ளைகளின் வேலை.

சனிக்கிழமை அதிகாரிகள் இருவர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை களப்பைச் சுற்றினோம். ருஷ்தா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை, கண்ணைச் சுற்றிச் சிவந்து வளையம் விழுந்துவிட்டது. ஒன்றும் மேலே வரவில்லை. டீச்சர் எடுத்திருந்த படத்தில் ஈரமாக ஒரு கறுப்புத்தான் தெரிந்தது. "டொல்பினாக இருக்கும்" என்று அதிகாரி சொன்னார். கரையில் நின்ற எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

"ஜௌபர் நானாட மக கனவு கண்டிருக்கு!"

"ராவைக்குக் கனக்கத் திண்டிருக்கும்!"

அவள் என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். "நீங்களும் கண்டீங்கதானே மாமா. நான் பொய் சொல்லலண்டு சொல்லுங்களே."

நான் அதிகாரியிடம், பிள்ளை கெட்டிக்காரி என்றேன். நான் ஏதோ கறுப்பாகக் கண்டது உண்மை, இன்னதென்று சொல்ல முடியாது என்றேன். அவள் கை என் கையிலிருந்து தானாகக் கழன்று போனது. பின்னால் யாரோ ஒரு பிள்ளை "பொய்க்காரி" என்றது. நான் திரும்பி அந்தப் பிள்ளையைக் கண்டித்தேன். அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு பகல் சாப்பாடு. கழகத்தில் பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு சஹன் தட்டு என்று மஞ்சள் சோறு வைத்தோம். நடுவில் இறைச்சிக்கறி. மாட்டிறைச்சி என்று சொன்னேன். அதிகாரிகளில் ஒருவர் மாடு தின்பதில்லை, அவருக்குத் தனியாகக் கோழி பொரித்துக் கொடுத்தேன். மற்றவர் இப்படி மெதுவான இறைச்சி தான் தின்றதே இல்லை என்றார். இப்ஹாமும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் விஷயம் தெரிந்தே விரல் சூப்பினார்கள். அவர்கள் நாடியில் எண்ணெய் வழிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ருஷ்தா சோற்றைத் தொடாமல் இருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, "வெறும் வயித்தோட கோவிக்கப்படாது மகள். மாமாட கையால ஒரு வாய்" என்று உருட்டி ஊட்டினேன். பசி பசிதானே. அதற்குப் பிறகு அவளாகவே தின்றாள். திரும்பவும் கறி கேட்டாள். கொடுத்தேன். திரும்பவும் கேட்டாள்.

பிழை அங்கேதான் நடந்தது. எலும்பெல்லாம் கழற்றச் சொல்லியிருந்தேன். எலும்பில்லாத கறியை மாட்டுக்கறி என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று இப்ஹாம் ஒரு விலாத் துண்டைச் சட்டிக்குள் போட்டிருக்கிறான். அது அவளுடைய பங்கில் வந்தது. உறிஞ்சிப் பார்த்தாள். "இதுல ஒண்டும் வருதில்ல" என்று ஃபாஹிமிடம் சொன்னாள். "பல்லு விழுந்த கிழவி" என்று அவன் பழித்தான். அவள் எலும்பின் வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. பிறகு உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினாள், முதல் பாடத்தில் செய்ததைப் போலவே.

அவள் என்னைப் பார்த்தாள். சஹனைப் பார்த்தாள். எழும்பிப் பின்பக்கம் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். டீச்சர் ஓடினார். எலும்பு டீச்சரின் கைக்குப் போனது. ஒவ்வொரு பிள்ளையாக எழும்பிப் போய் வேலி ஓரமாகக் குனிந்து நின்றார்கள். அந்தச் சத்தமும் அந்த மணமும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. காகங்கள் வந்துவிட்டன. கழுவ எனக்கு அஸர் தொழுகை வரைக்கும் எடுத்தது. ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

உங்கள் சபைச் செயலாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மிச்ச இறைச்சியை இப்ஹாம் ஐஸ் போட்டுக் கொண்டுபோய்விட்டான், எங்கே என்று அவனைக் கேளுங்கள். எல்லாவற்றையுமே அப்படி அனுப்பியிருக்கலாம்தானே, பிள்ளைகளுக்கு ஏன் கொடுத்தாய் என்கிறீர்கள். சரியான கேள்வி. முதலில் எனக்கே நான் வேறு பதில் சொல்லிவைத்திருந்தேன். சாப்பாடு போடுவதாகச் சொல்லியிருந்தோம், இறைச்சி வீணாகக்கூடாது, இப்படி. அது உண்மை இல்லை.

அந்தப் பிள்ளைகள் கழகத்துக்கு வந்தார்கள், எங்களைப்போல ஆகவில்லை. எங்கள் படகில் ஏறி, எங்கள் பாணைத் தின்று, எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோர் கையிலும் ஏதோ ஒரு மணம் இருக்கிறது. என் கையில் இருக்கிறது, உங்கள் கையிலும் இருக்கிறது. அவர்கள் கை மட்டும் ஏன் சுத்தமாக இருக்க வேண்டும்? அந்தச் சோற்றைத் தின்ற பிறகு அவர்கள் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தேன். இளையவர்களை நம்மோடு சேர்த்துக்கொள்வதுதானே கழகத்தின் வேலை. நான் சேர்த்தேன். ஓம், நான்தான் கொன்றேன், நான்தான் ஆக்கினேன், தெரிந்துதான் ஊட்டினேன்.

ஒரு குட்டி படகுகளின் பின்னால் வந்துகொண்டிருந்ததாகவும் நேற்றுக் கரை ஒதுங்கியதாகவும் சொல்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. நான் அதைத் தொடவே இல்லை.

ஜௌபர் நானா, போகாமல் இதைக் கேளுங்கள். ருஷ்தா அன்றையிலிருந்து ஒன்றும் தின்கிறாள் இல்லை, பாணும் பிளேன்டீயும்தான், அதுவும் நிற்பதில்லை என்று உங்கள் வீட்டில் சொன்னதாக அறிந்தேன். கவலையாக இருக்கிறது. இவர்கள் என்னை விட்டால் இன்றைக்கே நல்ல கோழிக் கஞ்சி ஒன்று வைத்துத் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுங்கள். நான் ஆக்கியது என்று மறக்காமல் சொல்லுங்கள். என் கைச் சமையல் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும். அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றவள்.