படகுக்குக் காத்து நிற்காத நாவல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக நின்றோம். காற்று அடங்காததால் படகு வரவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள். இளையவர் கையிலிருந்த தடித்த நாவலைப் பட்டென்று மூடினார்.

"எங்கட நெடுந்தீவைப் பற்றின நாவலாம், அக்கா. முந்நூறு பக்கத்திலை ஒரு சனமும் படகுக்குக் காத்து நிக்கேல்லை!"

"அப்ப எப்பிடி யாழ்ப்பாணம் போகினம்?"

"நினைச்ச உடனை போகினம். கதாநாயகி பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டு, ராச்சாப்பாட்டுக்குத் திரும்பி வாறா! லண்டனிலை அச்சடிச்சவங்கள் ஒருத்தரும், 'அந்த நேரம் படகு இருக்கோ?' எண்டு கேக்கேல்லையே?"

"கதைதானே, விடும்."

"ஏன் விட வேணும்? அட்டையிலை 'தீவின் ஆன்மா' எண்டெல்லோ போட்டிருக்கிறாங்கள்!"

பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தார்.

"இது நோர்வேக்காரி ஒராள் எழுதினது. சின்னப் பதிப்பகம் ஒண்டு தமிழிலை போட்டிருக்கு. அவவின்ரை நாட்டுத் தீவொண்டிலை இருக்கிற தாய்க்கு வருத்தம் கடுமை எண்டு சேதி வந்து, ஒரு மனுசி ரெண்டு நாளாத் துறையிலை நிக்கிறா. காத்து அடங்கேல்லை. படகு விட ஏலாது. இதைப் படிச்சிட்டு ஒருத்தன் விமர்சனம் எழுதுறான், 'நாவலில் ஒன்றுமே நடக்கவில்லை' எண்டு!"

"தாய்?"

"செத்துப்போனா. இவ போய்ச் சேரேல்லை."

மூத்தவரின் குரல் வரிசை முழுக்கக் கேட்டது.

"ஒண்டுமே நடக்கேல்லையாமோ? அவனைக் கொண்டுவந்து இந்த வரிசையிலை நிப்பாட்டும்!"