தாய்மாமனுக்கு முதல் இலை

எனக்குக் காப்பி வேணாம் இன்ஸ்பெக்டரம்மா. சாயங்காலம் குடிச்சா ராத்திரி தூக்கம் பிடிக்காது. தண்ணி இருந்தாப் போதும். நீங்களும் உக்காருங்க, காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கீக.

எம் பேரு புவனேஸ்வரி, ஊரு வடமதுரை. வீட்டுக்காரரு தவறி ஒம்பது வருசமாச்சு. மகன் துபாயில இருக்கான். மருமக பிரசவத்துக்கு ஒத்தாசையாப் போயி மூணு மாசம் இருந்துட்டு வந்தேன், அப்ப எடுத்ததுதான் உங்க கையில இருக்கிற பாஸ்போர்ட்டு. மக கீர்த்தனா தவறிட்டா. நீங்க கேக்குற பொன்னுத்துரை என் கூடப் பொறந்த தம்பி, என்னைய விட ஆறு வயசு சின்னவன். எங்கம்மா களை எடுக்கப் போயிரும், நான்தான் அவனை இடுப்புல வச்சுக்கிட்டுக் கஞ்சி ஊட்டுவேன்.

அவன் தொழிலு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திண்டுக்கல்லுல கடை போட்டு ஒடம்பு குறைக்கிற பொடி வித்தான். தெனை, சாமை, வரகு எல்லாம் அரைச்சு, அதுல என்னத்தையோ சேத்து டப்பாவுல அடைச்சிருவான். காலையில ஒரு தம்ளரு, பொழுது சாய ஒரு தம்ளரு, நடுவுல வெந்நி. அம்புட்டுத்தான் ஒரு நா சாப்பாடு. ஞாயித்துக்கெழமை மண்டபத்துல கூட்டம் போட்டு மைக்கைப் புடிச்சுக்கிட்டுப் பேசுவான். பேச்சுல அவனை அடிச்சுக்க ஆளு கெடையாது.

என் மக கொஞ்சம் சதைப்பிடிப்பு. தொண்ணூத்தி நாலு கிலோ. சின்னதுலருந்தே அவனுக்கு அவ ‘குண்டுப் பாப்பா’தான். காலேஜு முடிச்ச கையோட எரியோட்டுப் பக்கமிருந்து ஒரு வரன் வந்துச்சு. பையன் நல்ல பையன். பொண்ணு கொஞ்சம் எளைச்சா நல்லாருக்கும்னு அவுக ஆத்தா சொல்லிட்டுப் போனா. தாய்மாமன் நான் இருக்கும்போது நீ ஏன்க்கா கவலைப்படுறேன்னு அன்னிக்கே டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டான். அஞ்சு மாசத்துல அம்பத்தெட்டு கிலோவுக்கு வந்தா. முன்னாடி எடுத்த போட்டோ, பின்னாடி எடுத்த போட்டோன்னு ரெண்டையும் சேத்து கடை வாசல்ல ஆளுயரத்துக்கு பேனர் கட்டுனான். பேனர் கட்டுன பதினோராம் நாளு, குளிக்கப் போன புள்ள குளிக்கிற எடத்துலயே விழுந்து செத்துப்போனா. ஒடம்புல இருக்க வேண்டிய உப்பெல்லாம் வத்தி நெஞ்சுத்துடிப்பு நின்னுபோச்சுன்னாக. இருபத்திரண்டு வயசு.

எழவு வீட்டுல அவன் என்ன சொன்னான்னு கேளுங்க. “வெளியில திருட்டுத்தனமாப் பரோட்டா கிரோட்டா தின்னுருப்பா. பொடி மேல பழியப் போட்டுறாதீக”ன்னான். நாலு பேரு முன்னாடி, புள்ளையக் குளிப்பாட்டுறதுக்கு முன்ன. எல்லாரும் தலையாட்டுனாக. குண்டா இருக்கிற புள்ளைன்னா திருடித்தான் தின்னுருக்கும்னு சனத்துக்கு ஒரு நெனப்பு. நானும் பாதி நம்பினேன்மா. காரியம் முடிஞ்ச மறுநா அவ கைப்பையக் கொட்டிப் பாத்தேன். மெத்தைக்கடியில பாத்தேன். ஒரு மிட்டாய்த் தாளு கூட இல்ல. ரெண்டு பேனா, பஸ் பாஸு, ஒரு ஹேர்கிளிப்பு, அம்புட்டுத்தான் இருந்துச்சு.

ஒரு வருசம் போச்சு. பொடி வியாபாரம் படுத்துருச்சு. சாவுனால இல்ல, அதை எல்லாரும் மறந்துட்டாக. அவன் உருவத்துனால. நூத்தி முப்பத்திரண்டு கிலோ இருந்தான். கூட்டத்துல ஒருத்தரு எந்திரிச்சு, “ஏம்ப்பா, உன் பொடிய நீ குடிக்க மாட்டியா”ன்னு கேட்டுட்டாராம். மண்டபமே சிரிச்சிருக்கு. அன்னிக்கு எங்கிட்ட வந்து அழுதான். இஸ்தான்புல்ல வயித்தை அறுத்துச் சின்னதாக்கித் தைக்கிறாக, துணைக்கு ஒரு ஆளு வேணும்னான். ஏன்டா, அதை மதுரையிலயே பண்றாகளேன்னேன். “மதுரையில பண்ணா சாயங்காலத்துக்குள்ள வடமதுரைக்குத் தெரிஞ்சிரும்க்கா. ஊர் வாய மூட உலைமூடி ஏது”ன்னான். பொண்டாட்டிகிட்டக் கூட மூச்சு விடல. சிறுதானியக் கண்காட்சிக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்புனோம். உன்னைய விட்டா எனக்கு யாருக்கா இருக்கான்னு கேட்டான். அதுவும் உண்மைதான்.

அங்க நான் அவனை நல்லாப் பாத்துக்கிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. வயித்துல முக்காவாசியை எடுத்துட்டு மிச்சத்தை நீளவாக்குல தச்சிருந்தாக. இப்ப அது ஒரு சிறுமலை வாழைப்பழம் அளவுதான் இருக்கும்னு வச்சுக்கங்க. எனக்கு இங்கிலீசு அரைகொறை, அதனால நர்சு படம் போட்ட அட்டை ஒண்ணு குடுத்தா. மொத ரெண்டு வாரம் தண்ணியா இருக்கிறது மட்டும். அப்புறம் மசிச்சது. ஆறு வாரம் வரைக்கும் சோறு, கறி, சோடா எல்லாத்து மேலயும் செவப்புல பெருக்கல் குறி. தையல் விட்டா உசுருக்கு ஆபத்துன்னு போன்ல தமிழாக்கிக் காட்டுனா. புரிஞ்சுச்சுன்னு ஒரு தாளுல கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைத்தான் நீங்க மேசையில வச்சிருக்கீக.

ஆப்பரேசன் முடிஞ்சு ஓட்டலுக்கு வந்துட்டோம். ஓட்டல் பூரா தலையில கட்டுப் போட்ட ஆம்பளைக, வழுக்கையில முடி நட வந்தவுகளாம். அதைச் சொல்லிச் சொல்லி அவனைச் சிரிக்க விட்டுக்கிட்டு இருந்தேன். நாலாம் நாளு ஸ்பூன்ல சூப்பு ஊட்டும்போது, அதே பேச்சுல, “ஏப்பு, இம்புட்டுத் தூரம் வந்து அறுத்துக்கிட்டதுக்கு ஆறு மாசம் உன் பொடியவே குடிச்சிருக்கலாம்ல”ன்னேன். தையல் வலிக்குதுன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டே சிரிச்சான். “அதைக் குடிச்சா மனுசன் இருப்பானாக்கா? நான் ஒரு நா கூட வாயில வச்சதில்ல”ன்னான். சொன்னப்புறம்தான் யாருகிட்டச் சொல்றோம்னு ஒறைச்சிருக்கும் போல, மொகம் மாறுச்சு. நான் அவன் வாயைத் தொடைச்சு விட்டுட்டு மிச்சச் சூப்பையும் ஊட்டுனேன். தானாடலைன்னாலும் தன் சதை ஆடும்பாக. எனக்கு எதுவும் ஆடல. இவன் சாகணும்னு நெனச்சேன். வயிறு முட்டத் தின்னுட்டுச் சாகணும்னு நெனச்சேன்.

ஊருக்கு வந்தப்ப பத்துக் கிலோ எறங்கியிருந்தான், அடுத்த வாரத்துல இன்னும் நாலு. வெளிநாட்டுல கத்துக்கிட்ட புது ஃபார்முலான்னு பழைய பொடியவே புது டப்பாவுல போட்டான். “இதைக் குடிச்சா வாயைக் கட்ட வேணாம். பிரியாணி தின்னாலும் ஒடம்புல ஒட்டாது”ன்னு மைக்குல பேசுனான். சனம் வரிசையில நின்னு வாங்குச்சு. என் மக போட்டோவுக்குப் பக்கத்துல அவன் போட்டோவையும் கட்டுனான்.

எங்க வழக்கத்துல, கல்யாணம் ஆகாமச் செத்த பொம்பளப் புள்ளைய வீட்டுக் கன்னியாக் கும்பிடுவோம். வருசம் திரும்புனதும் புதுப் பாவாடை, வளையல், பூவு எல்லாம் வச்சு, அவளுக்குப் புடிச்சதை ஆக்கிப் படைக்கணும். தாய்மாமன்தான் மொத இலையில உக்காரணும். கன்னிக்குப் படைச்சதை வேணாம்னு சொல்லக் கூடாது, இலையில மிச்சமும் வைக்கக் கூடாது. வச்சா அவ கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிருவா. ஆப்பரேசன் முடிஞ்ச இருவதாம் நாளு ஒரு வெள்ளிக்கெழமை வந்துச்சு. அந்த நாளைக் குறிச்சேன்.

கடைக்குப் போயி அவனை நானே அழைச்சேன். “கும்புட்டுட்டு மட்டும் போயிரட்டுமாக்கா”ன்னு கேட்டான். “ஒரு வாய் மசிச்சுத் தாரேன், அதை வச்சாப் போதும்ப்பு. உன் நெலமை எனக்குத் தெரியாதா”ன்னேன். நம்பிட்டான். நம்பாம என்ன செய்வான், பத்து நாளு அவன் வாயில ஊட்டுன கை இது. அவன் கடையில நின்னுக்கிட்டு இருந்த ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துக்காரவுகளையும் அப்படியே அழைச்சிட்டு வந்தேன்.

சமையலும் நான்தான். சீரகச் சம்பா பிரியாணி, ஈரல் வறுவல், நெஞ்செலும்புக் குழம்பு, பரோட்டா, முட்டை, பால்கோவா, கோலி சோடா. எல்லாம் அந்த அஞ்சு மாசத்துல அவ வாய்விட்டுக் கேட்டது. கேட்டுக்கிட்டே இருப்பா, அதனால எனக்கு மனப்பாடம்.

அவன் வந்து உக்காந்தான். இலையைப் பாத்ததும் கையை மடியில வச்சுக்கிட்டான். நான் குனிஞ்சு சோறு வைக்கும்போது, “அக்கா, மூணு வாரங்கூட ஆகல”ன்னு காதோரமாச் சொன்னான்.

“தெரியும்ப்பு. முடியாதுன்னா சொல்லிரு. எல்லாரும் இங்கனதான் இருக்காக. வயித்தை அறுத்துக்கிட்டு வந்திருக்கேன், பொடியெல்லாம் பொய்யின்னு சொல்லிட்டு எந்திரி. கை கழுவ நானே தண்ணி ஊத்துறேன்”னேன்.

நெசமாத்தாம்மா சொன்னேன். சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அவன் வாயைக் கூடத் தொறந்தான். அதுக்குள்ள எதிர்ப் பந்தியில இருந்த ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரு, மகளுக்காக நாலு டப்பா வாங்கிட்டுப் போனவரு, “சாப்புடுங்க தம்பி, எப்புடி ஒட்டாமப் போகுதுன்னு நாங்களும் பாக்குறோம்”னு சிரிச்சாரு. இந்தப் பக்கம் எங்க ஒச்சாயி சின்னாத்தா, “புள்ள பாத்துக்கிட்டு இருக்காடா அப்பு, மிச்சம் வச்சுறாத”ன்னு கண்ணைத் தொடைச்சா. அவன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு இலையில கையை வச்சான்.

மொத அஞ்சாறு வாய் மெதுவா எறங்குச்சு. அப்புறம் வேத்து ஊத்துச்சு. காரமான்னு கேட்டு விசிறி விட்டேன். எலும்பை ஒதுக்கி வச்சான், ஒட்டியிருந்த கறியப் பிச்சு மறுபடி இலைக்குள்ள வச்சேன். பரோட்டாவைச் சின்னச் சின்னதாப் பிச்சுப் போட்டேன். செத்த நேரம் கழிச்சு என்னைய நிமிந்து பாத்தான். அழுதுக்கிட்டே தின்னான். மருமகளை நெனச்சு அழுவுறான்னு சனமெல்லாம் உச்சுக் கொட்டுச்சு. கடைசியா சோடாவை ஒடைச்சுக் கையில குடுத்தேன், முழுசும் குடிச்சான். எனக்குச் சந்தோசமா இருந்துச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருசத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் எனக்கு நல்லாப் பசிச்சுது. அவன் எந்திரிச்சுப் போன பெறகு நானும் உக்காந்து சாப்பிட்டேன்.

சாயங்காலமே சுருண்டுட்டான். வாயுவா இருக்கும்னு அவன் பொண்டாட்டி ஓமத்தண்ணி குடுத்தா. மறுநா திண்டுக்கல்லுல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தாக. வயித்துல என்ன சின்னச் சின்னத் தழும்புன்னு டாக்டரு கேட்டாரு. போன எடத்துல குடல்வால் எடுத்தாகன்னு பொன்னுத்துரையே சொன்னான். அப்பக்கூட அவனுக்குக் கடைதான் பெருசு. அதுக்கப்புறம் காய்ச்சல் ஏறிப் பேச்சுக் கொழறிப் போச்சு. டாக்டரு என் பக்கம் திரும்பி, “கூடப் போனது நீங்கதானம்மா, வேற ஏதாச்சும் பண்ணாங்களா”ன்னு கேட்டாரு. தெரியலைங்கன்னேன். செவப்புக் குறி போட்ட அந்த அட்டை என் மடியில இருந்த பைக்குள்ளதான் இருந்துச்சு. ரெண்டு நா அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு அவன் தலைமாட்டுலயே உக்காந்திருந்தேன். மதுரைக்குத் தூக்கிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தப்புறம்தான் அவுகளுக்குத் தெரிஞ்சுது. அதுக்குள்ள சீழ் வச்சு வயிறு பூராப் பரவிருச்சு. நாலாம் நாளு காலையில போயிட்டான்.

தெரியாமச் செஞ்சேன்னு எழுத வேணாம். தெரிஞ்சுதான் செஞ்சேன். நாளு குறிச்சது, ஆளைக் கூட்டுனது, பரிமாறினது, வாயை மூடிக்கிட்டு இருந்தது எல்லாம் நான். எனக்கு இதுல வருத்தம் இல்ல.

கடைசியா ஏதும் பேசுனானான்னு கேட்டீக. மதுரைக்குப் போற ஆம்புலன்சுல ஒரு தடவை கண்ணைத் தொறந்தான். என் கையைப் புடிச்சுக்கிட்டு, “அக்கா, சமையக்கட்டைப் பூட்டுனது நான் இல்லையே”ன்னான். காய்ச்சல்ல பெனாத்துறான்னு அவன் பொண்டாட்டி சொன்னா.

அவன் பெனாத்தல. அந்த அஞ்சு மாசமும் சமையக்கட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தேன், சாவி என் இடுப்புல இருக்கும். பொடி கரைச்சுக் குடுக்கிறதும் நான்தான். குடிக்க மாட்டேன்னு புள்ள தம்ளரைத் தட்டி விட்டா கன்னத்துல ரெண்டு வச்சிருக்கேன். அவ நல்லதுக்குத்தான், ஒரு கல்யாணம் ஆகணுமேன்னு. அவ செத்த அன்னிக்குக் காலையில, குளிக்கப் போறதுக்கு முன்ன சமையக்கட்டுக் கதவைத் தட்டுனா. கண்ணை இருட்டிக்கிட்டு வருதும்மா, ஒரே ஒரு இட்லி குடும்மான்னா. நான் உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இட்லிதான் தின்னுக்கிட்டு இருந்தேன். தெறக்கல. என்ன அழுதாலும் தெறக்காதன்னு பொன்னுத்துரைதான் சொல்லியிருந்தான்.

அதனால மொத வரியில, என் மகளைக் கொன்னது பொன்னுத்துரைன்னு எழுதிக்கங்க. எழுதிட்டு எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. அப்புறம் மத்ததுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறேன்.