‘நிதானம்’ கேட்டு நிம்மதி இழந்த ரசிகர்களே!

அச்சகம் நடத்தினாலும் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அரணாய் நிற்கும் விழாத் தலைவர் வெள்ளைத்துரை ஐயா அவர்களே! முன்வரிசைக்குப் பெருமை சேர்க்கும் சிவகாசிப் பெரியோர்களே! வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல், விரலில் ஒட்டிய வெடிமருந்துப் பொடியோடு நேரே வந்து அமர்ந்திருக்கும் நாரணாபுரத்துத் தாய்மார்களே! ஆனைக்குட்டத்திலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் அருமைத் தம்பிமார்களே! தமிழாசிரியை இசபெல்லின் அன்பு வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியது.

இருங்கள் தம்பி, விசிலைச் சற்றுப் பையில் வையுங்கள். டீச்சர் பேசினால் தூக்கம் வருமா? வரட்டும்! உங்களை எழுப்பத்தான் பின்னால் ஒருவர் காத்திருக்கிறாரே.

சரவெடி புகழேந்தியை அறியாதவர் இந்தக் கந்தக பூமியில் உண்டா? பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில், மிஷின் ஓடும் தாளத்துக்கு வார்த்தைகளை வாரி வாரி இறைத்தவர். அதற்கு ராப் என்று பெயர் இருப்பது தெரியும் முன்னரே ராப் பாடியவர். தொண்ணூறுகளில் அவர் கேசட் ஒலிக்காத டீக்கடை உண்டா? அவர் மூச்சு விடாமல் பாடினார். நீங்கள் மூச்சு விட மறந்து கேட்டீர்கள்!

அப்படிப்பட்டவர், நெடுநாள் மௌனத்துக்குப் பின் இந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் ‘நிதானம்’ என்று ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். நாம் எதிர்பார்த்தது என்ன? வேகம்! அவர் தந்தது என்ன? பேசுவதுபோல் ஒரு பாட்டு, யோசிப்பதுபோல் ஒரு பாட்டு. அவ்வளவுதான், ஊர் இரண்டாகிவிட்டது! பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திட்டி எழுதினார்கள் சிலர். அங்கேயே அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து போற்றி எழுதினார்கள் சிலர். விருதுநகர் மேடையில் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கூட்டம் எழுந்து போனது. மறுநாள் அவர் நம் விழாத் தலைவர் வீட்டுக்கு வந்து, “அண்ணாச்சி, சிவகாசி மேடைய ரத்து பண்ணிருங்க. இனிமே நான் ஏறல” என்று சொல்லிவிட்டார்.

பிறகு எப்படி இந்த மேடை அமைந்தது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

லோடு ஆட்டோ ஓட்டும் முனியராஜ் நம் ரசிகர் மன்றத் தலைவர். என் பக்கத்து வீட்டுக்காரர். ஆல்பத்தைக் கேட்டு அவருக்குக் கோபம். அதிலும் ஐந்தாம் பாட்டில் நடுவே சத்தமே நின்றுபோகிறது. சிடியில் கோளாறு என்று கடையில் மாற்றினார். மாற்றிய சிடியிலும் அதே இடத்தில் நின்றது. “நேர்ல போயிக் கேட்டுருதேன்” என்று கிளம்பினார். அவர் மனைவி வேல்விழி, பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துபவர், என்னிடம் ஓடி வந்தார். “டீச்சர், இவுகளத் தனியா விட்டா சண்டை போட்டுட்டு வந்திருவாக. நீங்களும் வாங்க” என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நானும் அவர்களுடன் புகழேந்தி வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, இது உங்க பாட்டே இல்ல. பாதியில நின்னுபோற சிடியப் போயி விக்கீகளே!” என்றார் முனியராஜ்.

புகழேந்தி கோபப்படவில்லை. “ஏலே முனியா, உக்காரு. சேர்ந்து கேப்போம்” என்று பாட்டைப் போட்டார்.

காலையில் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேனைப் பற்றிய பாட்டு அது. வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு பெயராக அவர் நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுகிறார். வெள்ளைத்தாய்! ‘ஏறிட்டேன்’ என்கிறது ஒரு பெண் குரல். பொன்மணி! ‘ஏறிட்டேன்.’ முருகம்மாள்! ‘ஏறிட்டேன்.’ கடைசியாக, மாடத்தி!

பதில் இல்லை. தாளம் இல்லை. ஒன்றுமே இல்லை.

“இந்தா, இங்கனதான் நிக்கி” என்றார் முனியராஜ்.

அந்தப் பாட்டை அன்றுதான் முதன்முதலில் கேட்ட வேல்விழி, அவர் கையைப் பிடித்து அழுத்தினார். “பேசாம இருங்க. எங்கம்மா பேருல்ல அது” என்றார்.

அன்பர்களே! சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் இறந்துபோனவர் மாடத்தி. மறுநாள் பத்திரிகை என்ன போட்டது? ‘பெண் தொழிலாளி ஒருவர் பலி’ என்று போட்டது. பெயர் போடவில்லை!

“அச்சகத்துக்கு நானும் அந்த வேன்லதான் போவேன். அக்கா எனக்கு இடம் பிடிச்சு வைப்பாக” என்று புகழேந்தி மெல்லச் சொன்னார். “அவுக போன மறுநாளும் டிரைவர் பழக்க தோசத்துல அவுக பேரக் கூப்பிட்டுட்டாரு. வண்டியே ஊமையாப் போச்சு. அத வேகமாப் பாட எனக்குத் தெரியல தாயி.”

வேல்விழி கண்ணைத் துடைத்தார். “வேகமாச் சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதுண்ணே. இன்னொருக்கப் போடுங்க” என்றார்.

மீண்டும் போட்டார். முனியராஜ் தலை குனிந்து கேட்டார். முடிந்ததும், “அண்ணே, இந்தப் பாட்டு சரி. ஆனா மிச்சத்துல ரெண்டு பாட்டு எனக்குத் தூக்கமாத்தான் வருது” என்றார்.

“அதுல ஒண்ணு எனக்கும்தாம்லே!” என்று சிரித்தார் புகழேந்தி. விருதுநகருக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதானாம்.

கிளம்பும்போது வேல்விழி வாசலில் நின்றார். “அண்ணே, எங்க கம்பெனிப் பிள்ளைக அம்புட்டுப் பேரும் இதக் கேக்கணும். மேடை ஏறமாட்டேன்னு சொல்லாதீக” என்றார். புகழேந்தி, “வாரேன்” என்றார்.

அருமைத் தம்பிமார்களே! பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, முனியராஜுக்கு உண்டு, எனக்கும் உண்டு! ஆனால் இருபது வயதில் பாடியதையே நாற்பது வயதிலும் பாடு என்று ஒரு மனிதனிடம் கேட்கலாமா? நம் தலையில் நரை விழலாம், அவர் பாட்டில் விழக்கூடாதா? நம் வீட்டில் துக்கம் நுழையலாம், அவர் பாட்டில் நுழையக்கூடாதா? உங்கள் கோபத்துக்குத் துணிந்து உண்மையைப் பாடினாரே, அந்தத் துணிவுதானே உண்மையான சரவெடி!

என்ன அம்மா, நேரமாகிறதா? முடித்துவிட்டேன்.

புகழேந்தியை மேடைக்கு அழைக்கும் பொறுப்பை விழாத் தலைவர் எனக்குத் தந்தார். அதை வேறொருவருக்குத் தருகிறேன். வேல்விழி, மேலே வா தாயி. என்ன பேசுவது என்று யோசிக்காதே. உன் பெயரைச் சொல், உன் அம்மா பெயரைச் சொல், அவரைக் கூப்பிடு. அது போதும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், இனிக் கேட்கப்போகும் உங்கள் இதயங்களுக்கும் என் நன்றியைச் சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!