போர்ட் நம்பர் 2914

பகல் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. புதுக்கடை வீதி.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் பாதி ராத்திரியில்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கரண்ட் வரும்வரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த மெழுகுதிரியை இந்தப் பக்கம் தள்ளுங்கள்... ம், அங்கேதான்.

வார நாட்களில் புதுக்கடையில் கால் வைக்க இடமிருக்காது. கறுப்புக் கோட்டு, கோப்புக் கட்டு, சோற்றுப் பார்சல், சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை இருக்காது. கோர்ட்டும் பூட்டு, கடையும் பூட்டு. அந்த வீதியில், தோளில் பழைய லாப்டாப் பையோடு, தனியாக நடந்து போனாள் யூஜினா. நம்முடைய ரூபிகாவின் ஒன்றுவிட்ட அக்கா. கொட்டாஞ்சேனைக்காரி, ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கோபம் வந்தால் அவளுக்கு முன்பின் தெரியாது.

அன்றைக்கு அவளுக்குக் கோபம் தம்பி ஷெல்டன் மீது.

தகப்பன் றேமண்ட் செத்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கேட்டில் நின்று பாஸ் பார்த்த மனுஷன் அவர். பாஸ் இல்லாவிட்டால் சொந்தத் தம்பியையே வெளியே விடமாட்டார். அவரோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் ஷெல்டன் மெல்பனுக்குப் போனான். போகும்போது, "முதல்ல நீங்க ஒரு வரி எழுதுங்க, பிறகு நான் கதைக்கிறன்" என்றான். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மனுஷன் எழுதினார். அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் அந்த லாப்டாப்பில், ஒற்றை விரலால். டக்... டக்... டக். இரண்டு வருடம். ஒரு பதில்கூட வரவில்லை. காத்திருந்து காத்திருந்தே போய்ச் சேர்ந்தார்.

சாவீட்டுக்கு வராத ஷெல்டன், முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறேன் என்று போன் எடுத்தான். எடுத்தவன் சும்மா இருந்தானா?

"அக்கா, டடி எனக்கு ஒரு வரி எழுதேல்ல. ஒரு வரி கூட."

"பொய் சொல்றாய்டா! அவர் இருந்து எழுதினத நான் என்ர கண்ணால கண்டனான்!"

போனை வைத்தவளுக்கு மூன்று நாள் தூக்கமில்லை. பெற்ற தகப்பனைக் காக்கவைத்துக் கொன்றுவிட்டு, பொய் வேறு சொல்கிறானே! பிறகு ஒன்று தோன்றியது அவளுக்கு. டடியின் லாப்டாப்பிலிருந்து, டடியின் மெயிலிலேயே, டடி எழுதியதுபோல அவனுக்கு எழுதினால் என்ன? பெயரைப் பார்த்து ஆசையோடு திறப்பான். திறந்ததும் வயிறு எரியட்டும்.

தேதியைப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அப்படிப்பட்ட கோபம்.

வீட்டில் இன்டர்நெட்டை நிறுத்தியாயிற்று. ஆபீஸ் சாவி அவளிடம் இருந்தது. கீழ்க் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். மரப்படிக்கட்டு. மொத்தம் பதினான்கு படி. ஒன்பதாவது படி மட்டும் யார் மிதித்தாலும் கிறீச்சென்று கத்தும்.

உட்கார்ந்தாள். எழுதினாள். "நீ என்ர பிள்ளை இல்ல. நான் செத்தாலும் நீ வரக்கூடாது. டடி." அவ்வளவுதான். அனுப்பு என்று அழுத்தினாள்.

போகவில்லை. திரையில் ஒரு பெட்டி வந்தது... வெளியே அனுப்பும் சேர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று. அடியில் ஓகே பட்டன்.

மறுபடியும் அழுத்தினாள். அதே பெட்டி. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, மருதானையில் கம்ப்யூட்டர் திருத்துகிற அஹ்ஸனுக்குப் போன் எடுத்தாள்.

"மிஸ், உள்ள வார மெயில் வருதா?"

"வருது. விளம்பரம் எல்லாம் வந்து குவிஞ்சு கிடக்கு. போகுதில்ல."

"அப்ப அவுட்கோயிங் செட்டிங்ஸ எடுங்க. போர்ட் எண்டு ஒரு கட்டம் ஈக்கும். என்ன நம்பர் ஈக்கி?"

"ரெண்டு ஒன்பது ஒண்டு நாலு."

"அப்பிடி நம்பர் ஆரும் போடுறதில்லயே மிஸ். ஆர் போட்ட?"

யூஜினா அந்த நம்பரை மறுபடியும் வாசித்தாள். 2914... அது தகப்பனின் துறைமுகப் பாஸ் நம்பர்.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஒரு பின்னேரம் அவள் கண்முன்னே வந்தது. இவள் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நிற்கிறாள். ஹாலிலிருந்து தகப்பன் கேட்கிறார்: "மகள், இதில போர்ட் நம்பர் கேக்குது, என்ன போடுறது?" இவள் எரிந்து விழுகிறாள்: "முப்பது வருஷம் போர்ட்ல வேலை செஞ்சீங்க, உங்கட நம்பர் உங்களுக்குத் தெரியாதா? போடுங்க!"

போட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் அந்தப் பெட்டி வரும். அதில் இங்கிலீஷில் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. ஓகேயை அழுத்திவிட்டுச் சொல்வார்: "ஓகே எண்டு வந்திட்டுது. போயிட்டுது."

"மிஸ்... ஈக்கிறீங்களா? ஐந்நூத்தி எண்பத்தேழு போடுங்க. கீழ பாஸ்வேர்ட் கேக்கிற எண்டு ஒரு டிக் ஈக்கும். அதையும் போட்டு சேவ் பண்ணுங்க."

அவள் எதையும் யோசிக்கவில்லை. போனை வைத்தாள், கை தன்பாட்டுக்குப் போட்டது. சேவ்.

அவ்வளவுதான். தேங்கிக் கிடந்ததெல்லாம் புறப்பட்டது. போகாத கடிதங்கள், மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. பழையது முதலாக ஒவ்வொன்றாகப் போகிறது. தலைப்புகள் கண்முன்னே ஓடுகின்றன. "மகன், சுகமா." "மகன், பிழை என்னிலதான்." "மகன், கோவமா இன்னும்." அவளுக்குத் தன் மேலேயே கொலைவெறி வந்தது. எல்லாம் அவள் வாயால் வந்த வினை.

ஆனால் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது எது? அவள் எழுதியது! நீ என் பிள்ளை இல்லை என்று, டடி பெயரில்!

அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. நாற்பது... இருபது... ஒன்பது... "ஐயோ டடி, அதை விடாதீங்க!" என்று கத்தினாள்.

நான்கு. மூன்று. இரண்டு.

ஒன்றில் நின்றது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. ஈரச் சாக்கும் கிரீஸும் கலந்த மணம். வேலை முடிந்து வந்து தகப்பன் சட்டையைக் கழற்றும்போது வீடு முழுக்க வருமே, அதே மணம். திரையில் அந்தப் பெட்டி வந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். லாப்டாப்பை யாரும் தொடவில்லை. டக்... ஓகே அமுங்கியது.

போர்ட் என்ற கட்டத்தைப் பார்த்தாள். 2914.

போன் அடித்தது. மெல்பன். ஷெல்டன் ஏங்கி ஏங்கி அழுதான்.

"அக்கா... டடிட மெயில் எல்லாம் இப்பத்தான் வருது அக்கா. அறுநூத்திப் பன்னிரண்டு."

"அறுநூத்திப் பதினொண்டுடா." அவள் திரையை மறுபடியும் பார்த்தாள். "ஒண்டு... ஒண்டு இங்க நிக்குது."

"இல்ல, நான் எண்ணிப் பாத்தனான். கடைசி ஒண்டு இண்டைக்குத் திகதியில கிடக்கு. இப்ப, அஞ்சு நிமிஷத்துக்கு முதல். ஆர் அக்கா எழுதினது?"

"என்ன... என்ன எழுதியிருக்கு?"

ஷெல்டன் வாசித்தான்.

"'மகன், நீ பூசைக்கு வா. என்ர பேரில அக்கா எழுதினத நான் கேட்டில மறிச்சு வச்சிருக்கிறன். பாஸ் இல்லாத சாமான் வெளிய போகாது. அவளில எனக்குச் சரியான கோவம். அவளோட நேரில கதைக்க வந்திருக்கிறன்.'"

கிறீச்.

பதினான்கு படியில் ஒன்பதாவது. மிச்சம் ஐந்துதான்.