‘எட்டுப் பேர்’ நாவலுக்கு இருநூற்று எண்பத்தாறு வாசகர்கள்

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் மூக்குக்கண்ணாடியின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். சாமி படத்தின் மேல் சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் சாமி படங்கள் மருமகளின் பொறுப்பு; கண்ணாடி ஒன்றுதான் எனக்கே எனக்கானது.

சைனிக்புரியில் காலை வேளைகள் அமைதியானவை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நாய்களோடு நடந்துபோவார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். படிப்பேன் என்றால், புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம் திருப்புவேன். நாலு வருடமாக எனக்கு எழுத்து தெரிவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி போய்விட்டது என்றார் டாக்டர். ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். நாய் தெரியும், கேட் தெரியும், வருபவர் கர்னலா பால்காரரா என்பதை மீசையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. படிப்பதற்கு எழுத்தை நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதுதான் சிக்கல். எழுதுவதற்குக் கண் வேண்டாம், கைக்குப் பழக்கம் இருக்கிறது. வரி கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவுதான்.

கண் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘புதுவரவு’ போய்விடும்.

‘மூசி மடல்’ இந்தத் தெலுங்கு ஊரில் எங்கள் தமிழன்பர் வட்டம் நடத்தும் மாத இதழ்; பெயர் இங்கே ஓடும் மூசி ஆற்றினுடையது. அதில் புதுவரவு என்ற பக்கத்தை இருபத்தாறு வருடமாக நான் எழுதுகிறேன். யாரும் பெயர் கேள்விப்பட்டிராத எழுத்தாளர்களின் புதிய புத்தகங்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். பெரிய பெயர்களைப் பற்றி எழுத ஊரில் ஆள் இருக்கிறது. நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். மனைவி போய்விட்டாள். மகன் ஒரு நாளைக்கு ஒருமுறை “சாப்பிட்டாச்சாப்பா” என்று கேட்பான். பதிலுக்கு நிற்க மாட்டான். பேத்தி ஹர்ஷிதாவுக்கு நான் பேசும் தமிழ் புரியும், ஆனால் பதில் தெலுங்கில் வரும், அதுவும் பாதிதான் வரும். இப்படிப்பட்ட ஒருவன் அனந்தகிருஷ்ணன் என்று கையெழுத்துப் போட்டு எழுதுவதை இருநூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள் மாதம் தவறாமல் படிக்கிறார்கள் என்றால், அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

எனவே ஒரு வழி கண்டுபிடித்தேன். புத்தகம் வந்ததும் எழுத்தாளருக்குப் போன் போட்டு, “உங்க படைப்பப் பத்தி நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்களேன்” என்பேன். பெயர் தெரியாத எழுத்தாளரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். சனத்நகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மணிவண்ணன் தன் கவிதைத் தொகுப்பு முழுவதையும் பக்க எண்களோடு ஒப்பித்தார். நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டோம். நாலு வருடமாகத்தான் என் விமர்சனங்களில் ஆழம் கூடியிருப்பதாக வட்டத்தின் செயலாளர் பத்மநாபன் சொன்னார்.

சிக்கலைக் கொண்டுவந்தவர் வள்ளியம்மாள். குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். பதினோரு வருடம் எழுதிய முதல் நாவலைத் தன் செலவில் முந்நூறு பிரதி அச்சிட்டிருந்தார். வழக்கம்போல் போன் செய்தேன்.

“நாவல் பேரு ‘எட்டுப் பேர்’ சார். மத்தபடி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க.”

“ஒரு கோடி காட்டலாமேம்மா.”

“நான் சொல்லித்தான் புரியணும்னா நான் எழுதுனது சரியில்லன்னு அர்த்தம் சார்.”

இந்த மாதிரி மனிதர்களை வைத்துக்கொண்டு ஒரு விமர்சகன் என்ன செய்ய முடியும்? அட்டையைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். வட்டமாக, நடுவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. கிணறு. எட்டுப் பேர், ஒரு கிணறு, திருநெல்வேலி. கிணறு வெட்டப் போன எட்டுப் பேரின் கதை என்று எனக்கு விளங்கிவிட்டது. எழுத உட்கார்ந்தேன். அதுவரை நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. ‘எட்டாவது ஆள் மேலே வரவில்லை, அவனுடைய கயிறு மட்டும் வந்தது’ என்று நானே ஒரு வரியை எழுதி, அதையே நாவலின் உச்சம் என்று பாராட்டினேன். எழுதும்போது அழுதேன்.

இதழ் அச்சுக்குப் போய் ஒரு வாரம் கழித்து மருமகள் அஸ்வினி காபி கொண்டுவந்தாள். மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, எலக்ட்ரானிக்ஸ் புக்குக்குக்கூட விமர்சனம் எழுதறீங்களா? அட்டையில சால்டர் ஈயக் கம்பிச் சுருள் போட்டிருக்கு” என்றாள். பின்னட்டையைத் திருப்பிப் படித்தும் காட்டினாள். ஒரே மேசையில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைக்கும் எட்டுப் பெண்களின் கதையாம். கிணறு இல்லை. கயிறும் இல்லை.

பத்மநாபனுக்குப் போன் செய்தேன். இதழ் நேற்றே தபாலில் போயாயிற்று என்றார்.

இனி என் யோசனையை நிதானமாகப் பாருங்கள். திருத்தம் போடலாம். போட்டால் கண் விஷயம் வெளியே வரும், பக்கம் போகும். மற்றொரு வழி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியாமல் செய்வது. இருநூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்களை என்னால் திரும்பப் பெற முடியாது. முந்நூறு நாவல்களைப் பெற முடியும். நாவல் ஒருவருடையது, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடையது. நியாயம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நாவல்களை வாங்க நான் கிளம்புமுன் வள்ளியம்மாளே போன் செய்தார். “விமர்சனம் படிச்சேன் சார்” என்றார். பிறகு, “கிணறு ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. என் எழுத்தின் வேகத்தில் தன் நாவலையே அவர் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

குஷாய்குடாவுக்கு ஆட்டோவில் போனேன். விமர்சனத்தைப் படித்தவர்கள் நாவல் கேட்டு என்னை மொய்க்கிறார்கள், தபால் செலவு எதற்கு, நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். பணத்தையும் கொடுத்தேன், திருடன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கணவர் ஜெயச்சந்திரன் பெட்டிகளை இறக்கினார். வள்ளியம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு, “பேரச் சொல்லுங்க சார், கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லத் தொடங்கினேன். ஹம்சா. லட்சுமணன். கோவிந்தராஜன். பிரசன்னா. நாலு நடை போனேன். உறவினர்களுக்கும் விமர்சனத்துக்காக எனக்கும் போன பதினான்கு பிரதிகள் போக இருநூற்று எண்பத்தாறு பெயர்கள். உறவினர்கள் பிரிக்க மாட்டார்கள், அது பற்றிக் கவலையில்லை. ரயில்வே நண்பர்கள் பெயர் தீர்ந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குப் போனேன், அதன்பின் பால்காரர். ஒவ்வொன்றிலும் அவர் ஒரு வரி எழுதினார். எல்லோருக்கும் ஒரே வரி இல்லை என்று ஜெயச்சந்திரன் என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஆளைப் பற்றி நான் என்ன சொன்னேனோ அதற்குத் தகுந்த மாதிரி எழுதினாராம்.

மூன்று மாதம் போயிற்று. வாராவாரம் போன் வரும்.

“யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா சார்?”

“படிச்சிட்டிருக்காங்கம்மா.”

பாராட்டாக ஒரு வார்த்தை புனைந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதைப் பாராட்டுவது? ஒருமுறை கிணறு என்றாயிற்று. இன்னொரு முறை எதையாவது சொல்லி மாட்டிக்கொள்ள நான் முட்டாள் இல்லை. எனவே இருநூற்று எண்பத்தாறு பேரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது நாவலை அவர் தொடங்கியிருந்தார். மூன்று நோட்டு முடிந்திருந்தது. “ஒரே ஒரு ஆள் நல்லதோ கெட்டதோ சொல்லட்டும் சார், மிச்சத்த எழுதிருவேன். இல்லன்னா எனக்கு எழுத வரலன்னு தெரிஞ்சுக்கிடுதேன்” என்றார். வாசகர்களில் பத்துப் பேரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னார். சரி என்றேன். மறுப்பது மரியாதையாக இருக்காது.

அன்று நாலு மணிக்குப் போனேன், தனியாக. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்தும் வாங்கியிருந்தார்கள். ஐந்தரை மணிக்கு வள்ளியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஹம்சா மேடம் வாரேன்னாங்களா?”

புனேவில் மகளுக்குப் பிரசவம் என்றேன். லட்சுமணனுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. பிரசன்னா ஆன்சைட் வேலையாக வெளிநாட்டில். ஒவ்வொருவரையும் அவருக்கு நினைவிருந்தது. காரணங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. கோவிந்தராஜன் என்றதும் வேறு வழியில்லாமல், காலமாகிவிட்டார் என்று சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார்.

“படிச்சு முடிச்சிருந்தாரா சார்?”

“முடிச்சிட்டார்மா.”

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை; நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேசரி ஆறிப்போகிறது என்று ஜெயச்சந்திரன் சொன்னார். இரண்டு தட்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஜெயச்சந்திரன் பேசினார். மூன்று நோட்டையும் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டாளாம். தராசில் வைக்கும்போது பக்கத்தில் நின்றே பார்த்தாளாம். இப்போது யாரோடும் பேசுவதில்லை, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அதைப் போடுவதும் இல்லை என்றார். “நீங்க ஒரு வாட்டி வந்து ஏதாவது சொல்லுங்க சார். நீங்க ஒருத்தர்தான் அவ புத்தகத்தப் படிச்சவரு” என்றார்.

நான் போகவில்லை. என்ன சொல்வது?

இருநூற்று எண்பத்தாறு பிரதிகளும் என் அறையில்தான் இருக்கின்றன. கட்டிலின் கால்களைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகை போட்டுப் படுக்கிறேன். இடுப்புவலிக்கு நல்லது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஒரு நாவலை வாசகர் எவரும் தொடாமல், எழுதியவர் இனி ஒரு வரியும் எழுதாமல் செய்தவன் நான்தான். என் விமர்சனத்தைப் படித்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் என் மானம் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். இன்றைக்கும் கேட்டால், அவர்கள் இருக்கும்போது வேறென்ன செய்திருக்க முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மாதப் புதுவரவாக இதையே எழுதிப் பத்மநாபனிடம் கொடுத்தேன்.

அவர் என் எதிரிலேயே படித்தார். காகிதத்தைத் திருப்பி என் மடியில் வைத்து, “நக்கோ சார், கைக்கு இதெல்லாம்” என்றார், வேண்டாம், எதற்கு என்று இந்த ஊர் உருதுவில். போட்டே ஆக வேண்டும், சந்தாதாரர்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னதைக் கடைசியில் சேர்த்துவிடுகிறேன். கடைசிச் சந்தாதாரரும் நின்று மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து ‘மூசி மடல்’ மாதம் இரண்டே பிரதிதான் அச்சாகிறது, ஒன்று எனக்கு, இன்னொன்று நான் விமர்சனம் எழுதும் எழுத்தாளருக்கு.