கல்லின் இடது ஓரம்

அக்கா: தாடையை இந்தத் தாங்கியில வச்சா பேசக் கூடாதா?

தங்கை: பேசலாம். தலையை ஆட்டாதே. கண்ணு மட்டும் போகட்டும்.

அக்கா: போட்டோக்காரன்கூட என்னை இப்படிப் புடிச்சு உக்கார வச்சதில்ல.

தங்கை: ஆட்டாதேன்னேன்ல... திரைக்குக் கீழ கேமரா இருக்கு. நீ எங்க பாக்குறியோ அங்க ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

அக்கா: எதைப் பாக்கணும்?

தங்கை: கல்லை. ஆதிமனுஷன் செதுக்கின ஆயுதம். ஜனங்க அதை எப்படிப் பாக்குறாங்கன்னுதான் ஆராய்ச்சி. சும்மா பாரு, போதும்.

அக்கா: அதுக்குத் தையக்காரி எதுக்கு? அதுவும் பக்கவாதம் வந்து, தட்டுல இடது பாதிச் சோத்தை அப்படியே விட்டுட்டு எழுந்திரிக்கிறவ?

தங்கை: அது ஆறு மாசம் முன்னாடி.

அக்கா: அப்ப என் கத்தரியைக் குடு. பீரோவுல பூட்டி வச்சிருக்கியே.

தங்கை: விரலை வெட்டிக்கிட்டேன்னா? ...கல்லு வருது, பாரு.

அக்கா: ம்... ம்... ஆச்சா?

தங்கை: ஆச்சு. நல்லா...

அக்கா: இழுக்காதே. காட்டு.

தங்கை: இந்தா.

அக்கா: புள்ளி எல்லாம் வலது பக்கமே ஈ மொய்ச்சாப்ல கிடக்கு. இதான் எல்லாமா? இல்ல, அந்தப் பக்கமும் இருந்து எனக்குத் தெரியலியா?

தங்கை: ...இதான் எல்லாம்.

அக்கா: சும்மா பாருன்னே. எனக்குச் சும்மா பாக்க வராது. இன்னொண்ணு போடு. இந்தத் தடவை என் இஷ்டத்துக்குப் பாக்குறேன்.

தங்கை: போட்டுட்டேன்.

அக்கா: அடேயப்பா, என்ன விளிம்பு. கத்தரி போற மாதிரி போகணும்... வலது ஓரம் ஏறுது... ஏறுது... முனை...

தங்கை: அங்கேயே நின்னுடாதேக்கா.

அக்கா: குறுக்கே பேசாதே, கோடு விட்டுப் போயிரும். முனையைத் தாண்டிட்டேன். இறங்குது... இங்க ஒரு செதில் தெறிச்சிருக்கே. பல்லு விழுந்த மாதிரி.

தங்கை: எங்க?

அக்கா: பாதி இறக்கத்துல.

தங்கை: அக்கா... அது இடது ஓரம்.

அக்கா: தெரியுது. மூக்கை உறிஞ்சாதே.

தங்கை: முப்பது மாணவங்க பாத்தாங்க. முனையைப் பாத்துட்டு நடுவுல போய் நின்னுட்டாங்க. அந்தச் செதிலைக் கண்டது ரெண்டே பேர்.

அக்கா: அப்ப உன் ஆராய்ச்சிக்கு நான் ஆவேனா?

தங்கை: ஆராய்ச்சி போன மாசமே முடிஞ்சுபோச்சு. உன் கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும். கேட்டா ஒத்துக்க மாட்டே... கத்தரியைக் குடுக்கலாமா வேண்டாமான்னு... பொய் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்.

அக்கா: நானும் பொய்தான் சொன்னேன். உன் பிறந்தநாளுக்குக் குடுத்த சட்டை, நான் சொன்ன மாதிரி என் தையக்கடைப் பொண்ணு வெட்டினதில்ல. அவ கத்தரியை வாங்கி, இதே மாதிரி விளிம்பைப் புடிச்சுக்கிட்டே போய் நான் வெட்டினது. மூணு வாரமா போட்டுக்கிட்டுத் திரியிறியே... சட்டையோட இடது கை குட்டையா இருக்குன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?